நரியை மன்னித்த முயல்

ஒரு காட்டில் ஏகாம்பரம் என்றொரு முயல் இருந்தது. நல்ல முயல்தான், ஆனால் மனசு சரியில்லை. போன தை மாதம் ஒரு நரி துரத்தி, மயிரிழையில் தப்பியது. அன்றிலிருந்து சருகு விழுந்தால்கூட நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், மேனேஜர் கூப்பிட்டால் எனக்கு அடிப்பதுபோல. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் போச்சு.

டாக்டரிடம் போயிருக்கலாமே என்பீர்கள். யாராவது பார்த்துவிட்டால்? அதனால் என்னைப் போலவே அதுவும் மனநிம்மதிப் புத்தகங்களாக வாங்கித் தள்ளியது. மொத்தம் பதினான்கு. தலைப்பு தெரியாமலிருக்க, பழைய காலண்டர் தாளில் அட்டை வேறு. எல்லாவற்றிலும் முப்பதாம் பக்கம்வரை பென்சில் கோடு, அதற்குமேல் புத்தம் புதுசு. என் அலமாரியிலும் இதே கதைதான், சிரிக்காதீர்கள்.

பதினான்காவது புத்தகத்தின் முப்பதாம் பக்கத்தில், 'உங்களைக் காயப்படுத்தியவரை மன்னித்து ஒரு கடிதம் எழுதுங்கள்' என்றிருந்தது. முயல் அழுதுகொண்டே எழுதியது. பள்ளிக்கூடத்தில் படித்த முறை மாறவில்லை. அனுப்புநர்: ஏகாம்பரம், கள்ளிப்புதருக்குப் பின்புறம், இரண்டாவது வளை. பெறுநர்: உயர்திரு நரியார். பொருள்: தங்களை மன்னிப்பது தொடர்பாக. எழுதி முடித்ததும் மனசு லேசானது. அந்தச் சந்தோஷத்தில் காக்கையிடம் கொடுத்தனுப்பிவிட்டது.

'எழுதியதைக் கிழித்துப்போடுங்கள், அனுப்பிவிடாதீர்கள்' என்பது முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தது.

மறுநாள் காலை நரி வாசலில் நின்றது. "விலாசத்துக்கு ரொம்ப நன்றிங்க. ஆறு மாசமாத் தேடிட்டிருந்தேன்," என்றது.

முயல் வளைக்குள் பின்வாங்கியது. அப்போதுதான் பார்த்தது, நரியின் கக்கத்தில் காலண்டர் தாள் அட்டை போட்ட ஒரு புத்தகம்.

"நீங்களுமா?"

நரிக்கு வெட்கமாகிவிட்டது. அன்று முயல் தப்பியதிலிருந்து அதற்குத் தன்னம்பிக்கையே போய்விட்டதாம். பெண்டாட்டி வாங்கிக் கொடுத்த புத்தகமாம். எந்தக் காரியத்துக்கும் முன்னால் கண்ணை மூடி நூறு மூச்சு எண்ண வேண்டுமாம். "கொஞ்சம் இருங்க, எண்ணிட்டு வந்துடறேன்," என்று கண்ணை மூடிக்கொண்டது.

நரி நாற்பதாவது மூச்சை எண்ணும்போது முயல் அடுத்த காட்டில் இருந்தது. பதினான்கு புத்தகத்தையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடியது. நரி அவற்றையும் கடைசிப் பக்கம்வரை படித்ததாகக் கேள்வி. இப்போது அதனால் ஒரு கோழியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. முயல் நன்றாகத் தூங்குகிறது.

நீதி: மனநிம்மதிப் புத்தகங்கள் நிச்சயம் பலன் தரும், நம்மைத் துரத்துகிறவர் படித்தால். நாளைக்கு என்னுடையதையெல்லாம் மேனேஜருக்குப் பரிசாகக் கொடுக்கப்போகிறேன். அனுப்புநர் பெயர் போடுவதாக இல்லை.