ராணிக்கு நகம் வெட்டிய காலை

பூனைக்கு எதற்கும் நம் சம்மதம் தேவையில்லை. ஆனால் பூனையின் சம்மதம் இல்லாமல் நாம் அதன் நகத்தைக்கூடத் தொட முடியாது. இந்தப் பேருண்மையை முகத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டவன் நான்.

ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை பொய்த்துப்போன வருஷம். குவைத்தில் இருந்த அண்ணன், "வயலக் கட்டிக்கிட்டு அழுதது போதும், பாஸ்போர்ட் எடுடா" என்று போனில் சொன்னான். கூடவே, அடுத்த வாரம் லீவில் வருவதாகவும் சொன்னான். வலங்கைமானில் எங்கள் வீட்டைக் கலக்கியது இந்த இரண்டாவது செய்திதான். போன தடவை வந்தபோது அவன் கும்பகோணத்தில் ஆசை ஆசையாக வாங்கிப்போட்ட சோபாவை எங்கள் பூனை ராணி பிறாண்டிப் பிறாண்டிப் பஞ்சை வெளியே எடுத்திருந்தது. (பார்க்க, பாதி உரித்த தேங்காய் மாதிரி இருக்கும்.)

"அவன் வர்றதுக்குள்ள இந்தச் சனியன ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வாடா" என்றாள் அம்மா. தங்கை ஸ்டெல்லா பூனையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

நான் விட்டுவிடுவேனா? "எதுக்கும்மா? நகத்த வெட்டிட்டா முடிஞ்சுது. நுனிய மட்டும் வெட்டணும். உள்ள ரோஸ் கலரா தெரியும், அங்க ரத்தம் ஓடுது, அதத் தொடக் கூடாது" என்றேன். பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவன் அல்லவா! (கல்லூரியில் நான் அறுத்தது தவளை. அதுவும் நான் தொடும் முன்பே செத்திருந்தது.)

மறுநாள் காலை, ராணியைத் துண்டில் சுருட்டி, தலையும் ஒரு முன்னங்காலும் மட்டும் வெளியே தெரிய, ஸ்டெல்லா மடியில் வைத்துக்கொண்டாள். பாதத்தை மெல்ல அழுத்தினேன். நகம் எட்டிப் பார்த்தது. நகவெட்டியால் நுனியை 'டிக்'. ராணி கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"பாத்தியாம்மா? இதுக்கெல்லாம் ஒரு பக்குவம் வேணும்."

சமையற்கட்டில் குக்கர் விசில் அடித்தது.

துண்டு ஸ்டெல்லா மடியிலேயே இருந்தது. ராணி என் முகத்தில் இருந்தது. மூக்கைப் பிடித்து ஏறி, நெற்றியில் காலூன்றி, உச்சந்தலையிலிருந்து பரணுக்குத் தாவியது. வெட்டியது ஒரே நகம்; மற்றதெல்லாம் நல்ல கூர்.

"மாதாவே!" என்று அலறினாள் அம்மா. (என்னைப் பார்த்தா, பூனையைப் பார்த்தா என்பது இன்றுவரை தெரியாது.)

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வரும்போதுதான் ஸ்டெல்லா தலையில் கைவைத்தாள். "அண்ணே, இன்னைக்குப் பாஸ்போர்ட் போட்டோ!"

அண்ணன் ஏற்பாடு செய்திருந்த ஏஜென்ட் சாயங்கால பஸ்ஸில் விண்ணப்பத்தோடு திருச்சிக்குக் கிளம்புகிறார். தவறினால் எனக்காக அவர் வைத்திருந்த குவைத் விசா வேறு ஆளுக்குப் போய்விடும். அப்படியே ஸ்டுடியோவுக்கு ஓடினேன். ஸ்டுடியோக்காரர் பவுடரை அப்ப அப்ப, வெள்ளைக்கு நடுவே கோடுகள் இன்னும் சிவந்தன.

"என்ன தம்பி, பங்காளிச் சண்டையா?"

"பூனைங்க."

"சரி சரி, நமக்கெதுக்கு. நேரா பாருங்க."

அண்ணன் வந்தான். சோபாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சிரித்த சிரிப்பில் சோபா மறந்துபோயிற்று. "எங்க மொதலாளி வீட்டுல இப்படித்தான்" என்று ஒரு கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றி, சோபா பக்கத்தில் நிறுத்தினான். ராணி அதை முகர்ந்தது, ஒரு பிறாண்டு பிறாண்டியது. அதோடு சோபாவை மறந்தது.

ஆனால் என் போட்டோவை யாரும் மறக்கவில்லை. விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல இருக்கற காயம் எங்க?"

"ஆறிடுச்சுங்க சார்."

"யார் கீறுனது?"

"பூனைங்க சார்."

பக்கத்துக் கவுன்டர்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி, தன் முழங்கையிலிருந்த கோடுகளைக் காட்டி, "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்குய்யா" என்று முத்திரையைக் குத்தினார்.

அந்த பாஸ்போர்ட் காலாவதியானதும் ஸ்டெல்லா வாங்கி வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் புதிதாக வரும் சம்பந்திகளுக்குக் காப்பிக்கு முன்னால் அதைத்தான் நீட்டுகிறாள். ஒரு கீறலும் இல்லாத என் புதுப் போட்டோவை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தாண்டா இருக்கு. ஆனா பழசுலதான் நீ உன்ன மாதிரி இருந்த."