கிழக்குப் பார்த்த டிரெய்லர்

இந்தியாவில் இருக்கும் அத்தனை செக்போஸ்ட்டையும் பார்த்துவிட்டு, கட்டிய பெண்டாட்டியோடு ஒரே ஒரு ஊரைக்கூடப் பார்க்காத மனிதர் உலகத்திலேயே எங்கள் ‘நேஷனல் பெர்மிட்’ ஒருவராகத்தான் இருக்க முடியும். தருமபுரியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். கீழே அவர்கள், மாடியில் நாங்கள். பாதி ஆயுளை லாரி ஸ்டியரிங் பிடித்தே கழித்தவருக்குத் தெரு வேறு என்ன பெயர் வைக்கும்? அசல் பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர்வீட்டுக்காரரே முழிப்பார்.

வாயைத் திறந்தால் வடநாடுதான். சாம்பாரில் உப்புக் குறைந்தால் குவாஹாட்டி ஞாபகம் வரும், லேசாகத் தூறினால் ஜம்மு. “சார், அந்தப் பனியில நின்னு ஒரு டீ குடிச்சேன் பாருங்க...” என்று ஆரம்பிப்பார். அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். உள்ளேயிருந்தபடியே அக்கா முடித்து வைப்பார். “ஆமா, நீங்க அங்க டீ குடிச்சீங்க. நான் இங்க கொழாயடியில கொடத்தோட நின்னேன்.”

அது அவரை எங்கேயோ குத்தியிருக்க வேண்டும். லாரியை விற்ற கையோடு டிரெய்லர் கட்டக் கிளம்பிவிட்டார். வெளிநாட்டில் குடும்பம் குடும்பமாக வண்டிக்குப் பின்னால் வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதைச் செல்போனில் பார்த்தாராம். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் தவம் கிடந்து அதை முடித்தார். இரண்டு சக்கரம், அலுமினியத் தகடு, உள்ளே இரண்டு பேர் படுக்க பிளைவுட் பலகை, பின்பக்கக் கதவைத் தூக்கினால் அடுப்பு மேடை. பழைய ஜீப்தான் இழுக்க வேண்டும் என்பதால் எடை கூடவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். “நாலு பேரு சேந்தா தூக்கிடலாம் சார்!” என்று பெருமைப்பட்டார். தெரு அதற்குக் கோழிக்கூண்டு என்று பெயர் வைத்து மகிழ்ந்தது.

முதல் பயணத்துக்கு எங்களையும் கூப்பிட்டார். நான், என் மனைவி, மகள் மூவரும் ஜீப்பில் ஏறினோம். எங்களுக்குப் படுக்க லாரித் தார்ப்பாய். ஜம்மு வரை போனவரின் முதல் சுற்றுலா இண்டூர்ப் பக்கம் ஒரு ஏரிக்கரை, டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரம். கிளம்பும் நேரத்தில் பார்த்தால் அக்கா பின்பக்கம் அம்மிக்கல்லை ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

“ஏ புள்ள, இது லைட் வெயிட்டு வண்டி!”

“வண்டிதானங்க லைட் வெயிட்டு. வயிறு லைட் வெயிட்டா?”

பின்பாரம் ஏறிய டிரெய்லர் ரோடு முழுக்க வாலாட்டிக்கொண்டே வந்தது.

ஏரிக்கரையில் அடுத்த சோதனை. புது வீட்டில் பால் காய்ச்சாமல் யாராவது காலை வைப்பார்களா? சக்கரம் இருந்தால் மட்டும் அது வீடு இல்லையா? பால் காய்ச்ச வேண்டும், அதற்கு வாசல் கிழக்குப் பார்க்க வேண்டும் என்றார் அக்கா. நியாயம்தானே. ஆனால் வாசல் ஏரியைப் பார்த்திருந்தது, ஏரி மேற்கே இருந்தது.

இவர் ரிவர்ஸ் எடுத்தார். மலைப்பாதையில் பதினாறு சக்கர லாரியைப் பின்னால் எடுத்தவர், இந்தக் குட்டி டிரெய்லரிடம் தோற்றுப்போனார். இடதுபக்கம் ஒடித்தால் அது வலதுபக்கம் போனது. கொஞ்சம் அசந்தால் மடங்கிக்கொண்டு ஜீப்பையே முட்ட வந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. கடைசியில் கொக்கியைக் கழற்றி, அம்மிக்கல்லை இறக்கி, எல்லோரும் கை கொடுத்துத் தூக்கித்தான் வாசலைக் கிழக்கே திருப்பினோம். பால் பொங்கியது. ஆடு மேய்ப்பவர்களுக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது.

பொழுது சாய்ந்ததும் அக்கா சொன்னார், “கெளம்பலாங்களா?”

ஏரிக்காற்று ஒத்துக்கொள்ளாதாம். கிளம்பினோம். அடுத்தது பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு மாந்தோப்பு. அங்கும் தூக்கித் திருப்பினோம், சமைத்தோம், சிரித்தோம். பொழுது சாய்ந்ததும், “வூட்டுல வெளக்கு வெக்கணுங்க.” அப்புறம் ஒகேனக்கல் ரோட்டில். கொசு. ஒவ்வொரு முறையும் விடிய விடியப் பேச ஆசையோடு போய், இருட்டுமுன் திரும்பினோம். திரும்பும்போது மட்டும் அவர் வாயில் எந்த ஊரும் வராது.

ஒருநாள் மாடிக்கு வந்து என்னிடம் மனம் விட்டுப் பேசினார். “நான் பாத்ததையெல்லாம் இவளுக்குக் காட்டணும் சார். அதுக்குத்தான் இத்தனை பாடு. இண்டூர்ல ஒரு ராத்திரி தங்காதவள நான் எங்கன்னு கூட்டிக்கிட்டுப் போவேன்?”

மறுபடியும் அதே ஏரிக்கரை. வழக்கம்போல அக்கா சாமான்களை எடுத்துவைக்கத் தொடங்கியபோது என் மனைவி கேட்டே விட்டாள். “ஏங்க்கா, இங்க தங்கறதுல உங்களுக்கு என்னதான் பயம்?”

அக்கா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “பயமெல்லாம் இல்ல கண்ணு. லாரிக்குப் போன மனுசன் எப்ப வருவாருன்னு தெரியாது. அப்ப ஏது போனு, செல்லு? வந்தா கதவு தொறக்க ஆளு வேணுமே. எங்கம்மா வூட்டுல கூட நான் ராத்தங்கினதில்ல. இப்பவும் பொழுது சாஞ்சா வூட்டுக்குப் போகச் சொல்லுது. அவரு இங்கதான் இருக்காருன்னு புத்திக்குத் தெரியுது, ஒடம்புக்குத் தெரியமாட்டேங்குது.”

சொல்லிவிட்டுப் பாத்திரத்தோடு உள்ளே போய், கொசு வராமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜீப் பக்கம் நின்றிருந்த மனிதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். விறுவிறுவென்று ரோடு வரைக்கும் நடந்தார். அங்கே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ரொம்பத் தூரத்திலிருந்து வருகிறவரைப்போல மெதுவாக நடந்து வந்து, டிரெய்லர் கதவைத் தட்டினார்.

அக்கா திறந்தார்.

“வந்துட்டேன் புள்ள.”

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கேட்டார், “சாப்டீங்களா?”

“இல்ல.”

“கை கால் கழுவிட்டு வாங்க.”

அன்றைக்கு யாரும் கிளம்பலாமா என்று கேட்கவில்லை.

இப்போது எனக்குச் சென்னைக்கு மாற்றலாகிவிட்டது. அவர்கள் டிரெய்லரோடு எங்கெங்கோ போகிறார்கள், கூடப் போக எனக்குத்தான் கொடுப்பினை இல்லை. லீவு கேட்கும்போதெல்லாம் அந்த ஏரிக்கரைதான் கண்முன் வருகிறது. அந்த ராத்திரிக்கு மறுநாள், வெயில் நன்றாக ஏறியபின் நாங்கள் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு எழுந்தோம். அவர் ஜீப் படியில் உட்கார்ந்திருந்தார். சத்தமாகப் பேச வாயெடுத்த என்னைக் கையமர்த்திவிட்டு, டிரெய்லர் ஜன்னலைக் காட்டினார். உள்ளே அக்கா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“நான் எப்ப வந்தாலும் முழிச்சிக்கிட்டுதான் இருப்பா சார்,” என்றார் ரகசியமாக. “இவ இப்படி அசந்து தூங்கி இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

இதை எழுதும்போதும் எனக்குக் குரல் தாழ்ந்துதான் போகிறது.