சாப்பிடப் போகச் சொல்லும் பொத்தான்

முத்தியால்பேட்டை
12.7.2006

அன்பு மகள் ஹேமலதாவுக்கு அப்பா வடிவேல் எழுதுவது. இங்கு நான், உன் அம்மா, அவளுடைய முழங்கால் வலி மூவரும் நலம். பெங்களூரில் நீயும் மாப்பிள்ளை முகிலனும் நலம் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நீ எனக்குச் செய்து கொடுத்த மேக்ரோ படுத்துவிட்டது. சேதராப்பட்டு கம்பெனி ஸ்டோரில் என் பிழைப்பே அதை நம்பித்தான். அதன் பச்சைப் பொத்தானை அழுத்தினால் டேட்டாபேஸில் இருக்கிற நட்டு, போல்ட்டு, பேரிங் விவரமெல்லாம் ஓடிவந்து எக்செல் கட்டத்தில் வரிசையாக உட்காரும். கடைசியில் "முடிஞ்சிதுப்பா, சாப்பிடப் போ" என்று நீ இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்தது வரும், நானும் டிபன் பாக்ஸைத் திறப்பேன். திங்கட்கிழமை அழுத்தினால் 'டீபக்'கா, 'எண்ட்'டா என்று கேட்டது. எண்ட் என்றால் முடிவு என்று பத்தாவது பெயிலான எனக்கே தெரியும், உன் உழைப்புக்கு முடிவு கட்ட மனம் வராமல் டீபக்கை அழுத்தினேன், உள்ளே ஒரே இங்கிலீஷ், நடுவில் ஒரு வரி மட்டும் மஞ்சள் பூசிக்கொண்டு நின்றது, நல்ல சகுனம் என்று மூடிவிட்டேன். பக்கத்து சீட்டு காத்தவராயன், "யோவ், எதையாச்சும் நோண்டினியா?" என்றான். "கையக் கட்டிக்கினுதான்பா உக்காந்திருந்தேன்" என்றேன். சத்தியமாக ஒன்றையும் தொடவில்லை. டேட்டாபேஸ் இருக்கிற ஃபோல்டருக்கு வி.ஹேமலதா என்று பேர் வைத்திருந்தாய் அல்லவா, கல்யாணமான பெண்ணுக்கு இன்னும் அப்பன் இனிஷியலா என்று, மாப்பிள்ளைக்கு மரியாதையாகப் போன சனிக்கிழமை எம்.ஹேமலதா என்று மாற்றினேன், அவ்வளவுதான். மாதக் கடைசிக்குள் ஓடாவிட்டால் உன் பொத்தானை அழித்துவிட்டுப் புது புரோகிராம் போடப் போகிறார் மேனேஜர். அது என்னைச் சாப்பிடப் போகச் சொல்லுமா? மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. போனில் சொன்னால் எனக்கு ஏறாது, நேரில் வந்து சரி செய்.

இதைப் படித்துவிட்டு உன் அம்மா, "பொண்ணப் பாக்கணும்னா பாக்கணும்னு எழுதேன். மிஷினு மேல ஏன் பழி போடற?" என்கிறாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் பற்றி என்ன தெரியும்?

உங்கள் இருவருக்கும் எல்லாம் முதல் அழுத்திலேயே ஓடட்டும் என்று வாழ்த்தும்,
அப்பா வடிவேல்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் கம்பெனியில் காத்தவராயன் கண்டுபிடித்துவிட்டான். மேக்ரோ இத்தனை நாளும் வி.ஹேமலதாவையே தேடிக்கொண்டிருந்ததாம். பழைய பேரைப் போட்டதும் ஓடுகிறது. அதனால் நீ வர வேண்டியதில்லை. ரேஷன் கார்டில் உன் பேரை எடுத்தபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இது ஒன்றுதான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றது. மாப்பிள்ளையிடம் சொல்லாதே. "சாப்பிடப் போ" வந்தபோது மணி நாலு. உண்மையில் மூன்று நாளும் வேளை தவறாமல் சாப்பிட்டேன்தான், இன்றைக்கும் சாப்பிட்டாகிவிட்டது. நீ சொல்லிவிட்டாயே என்று மறுபடி சாப்பிட்டேன்.