மடியில் சோடா, எதிரே சிப்பாய்

குனிந்த தலை நிமிராத பெண்ணைத்தான் நல்ல பெண் என்பார்கள். நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் ஒழுங்காகக் குனிந்தேன். அதில் என் வீட்டுக்காரர் உயிரே போகப் பார்த்தது.

சண்டைக்காலம், ஜப்பான்காரன் ஆட்சி. எனக்குக் கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. தாப்பாவிலிருந்து லோரியில் மலையேறி பிரிஞ்சாங்கில் இறங்கினோம். அங்கிருந்து அவர் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்துக்கு நடைதான். (லோரியில் எங்களோடு வந்த காலிக் கூடைகள் எங்களைவிடச் சொகுசாக வந்தன.)

பிரிஞ்சாங்கில் ஒரு சீன அம்மா சோடா விற்றார். அன்னாசித் தோலையும் இஞ்சியையும் கரும்புச் சாற்றில் ஊறப்போட்டுப் பொங்கவைத்தது. சின்னப் போத்தலில் அடைத்து, தக்கையை நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார். "ஜாங்கான் கோஞ்சாங்!" என்று விரலை ஆட்டிச் சொன்னார். குலுக்காதே என்று அர்த்தம்.

"வீட்டுக்குப் போயி குடிக்கலாம் ரோசம்மா. வழியில ஜப்பான் சிப்பாய் சாவடி இருக்கு, கண்டா புடுங்கிக்குவான்லா" என்றார் என் வீட்டுக்காரர்.

சரி என்று மடியில் செருகிக்கொண்டேன். அவர் முன்னால் நடந்தார். எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? நூலை அவிழ்த்து ஒரு மடக்கு குடித்தேன். முதலில் இனிப்பு, பிறகு காரம், அதற்குப் பிறகு மூக்குக்குள் கட்டெறும்பு. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு தக்கையை அமுக்கி, போத்தலை மறுபடி மடியில் செருகி, அவரைப் பிடிக்க ஓட்டமாக ஓடினேன். குலுக்காதே என்றது அப்போது எங்கே நினைவிருந்தது?

சாவடிச் சிப்பாய்க்கு எல்லோரும் இடுப்பை வளைத்து வணக்கம் போடவேண்டும். குனிவது குறைந்தால் கன்னத்தில் அறை. பயத்தில் நான் தேவைக்கு மேலேயே மடிந்தேன்.

டப்!

தக்கை பறந்துபோய்ச் சிப்பாயின் தொப்பியைத் தட்டிவிட்டது. என் சேலையெல்லாம் நுரை. துப்பாக்கி எங்கள் பக்கம் திரும்பியது. ஒரு வாரத்தில் தாலியறுக்கப் போகிறேன் என்றே நினைத்தேன்.

"மினும்! மினும்!" என்று கத்தினார் இவர். குடிக்கிறதுதான், குண்டு இல்லை என்று சொல்ல வேறு வார்த்தை அவருக்கு வரவில்லை. அப்படியானால் நீயே குடி என்று சிப்பாய் துப்பாக்கி முனையால் காட்டினான். மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தார். செத்து விழுகிறாரா என்று சிப்பாய் முறைத்துப் பார்த்தான், நானும்தான். அவர் சாகவில்லை. நன்றி சொல்ல மறுபடி குனிந்தார். குனிந்த இடத்திலிருந்து ஓர் ஏப்பம் கிளம்பியது பாருங்கள், எருமை கத்தியதுபோல!

சிப்பாய் உர்ரென்று தொப்பியை எடுத்து மாட்டினான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். போ போ என்று கையை வீசினான்.

வளைவு தாண்டியதும் இவர் என் கையைப் பார்த்தார். விரலில் அந்த நூல் சுற்றியபடி இருந்தது. இப்போது அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நல்லா இருந்துச்சா?" என்றார்.

"மூக்குல ஏறிருச்சுங்க."

அவர் சிரித்த சிரிப்பில், இந்த ஆளோடு காலம் தள்ளிவிடலாம் என்று எனக்குத் தெம்பு வந்தது.

எங்கள் மகன் கல்யாணத்தில், புது மருமகள் எங்கள் காலில் விழக் குனிந்தாள். இவர் பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"இரும்மா, இரும்மா! மடியில ஒண்ணும் இல்லியே?"

அவள் விழித்தாள். அவ்வளவுதான், கோயில் வாசலிலேயே முழுக்கதையையும் ஆரம்பித்துவிட்டார், ஏப்பம் உட்பட.