கழற்ற முடிந்ததை மட்டும்

உலகத்திலேயே ஆளைக் கூப்பிடத் தெரியாத அறிவிப்பாளர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் மைக் அண்ணாத்ததான். முட்டுக்காடு பக்கம் ஒரு சின்னப் படகுத்துறையில் அவருக்கு மைக், எனக்கு டிக்கெட் கவுன்ட்டர். காலை இழுத்து நடக்கிற எனக்கு அங்கே என்ன பட்டப்பெயர் இருந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். அவர் மட்டும் அதைச் சொன்னதேயில்லை.

கூட்டமில்லாத மதியங்களில் மைக்கில் மேகங்களை அழைப்பார். "திருப்போரூர் பக்கத்துலேர்ந்து வர்ற மேகம், அவசரம் வாணாம், மெதுவா வா." குரல் தண்ணீர்மேல் மிதந்து போகும். எனக்குக் கண் சொக்கும்.

மனிதர்களை அழைப்பதில்தான் வம்பு. குள்ளம், குண்டு, கறுப்பு, வழுக்கை எதுவும் அவர் வாயில் வராது. "கயட்டி வெக்க முடிஞ்சத மட்டும்தான் சொல்லுவேன்" என்பார். "கட்டம் போட்ட சட்ட, கையில சோளம்" என்று அழைத்தால் கட்டம் போட்ட சோளக்காரர்கள் பட்டாளமாக வந்து நிற்பார்கள். "இன்னொரு தபா படகு லேட்டாச்சுன்னா மைக்கைப் புடுங்கிடுவேன்" என்று ஒருநாள் மேனேஜர் கத்தினார்.

மறுநாளே ஒரு ஐ.டி. கம்பெனிக் கூட்டம் வந்தது. எல்லாருக்கும் ஒரே மஞ்சள் பனியன். கடைசிப் படகு கிளம்பும்போது கார்த்திக் என்பவரைக் காணோம். மைக்கில் பெயரைச் சொன்னதும் நாலைந்து கார்த்திக் ஓடிவந்தார்கள், அவர் வரவில்லை.

"கறுப்பு கார்த்திக்னு சொல்லுங்க. நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்" என்றார் அவர்களுடைய டீம் லீடர்.

"அத்த கயட்ட முடியாதே, சார்."

"சொல்லித் தொலைய்யா!" மேனேஜரின் கை மைக்கை நோக்கி நீண்டது.

மைக் அண்ணாத்த கண்ணை மூடிக்கொண்டார். "அவரு இன்னா பண்ணுவாரு? எதுனா சொல்லுங்கபா."

திருதிருவென்று விழித்தார்கள். பின்னால் நின்ற ஒரு பெண் மட்டும், "சாப்பிடறப்ப கடைசி வாய் சோத்தைக் காக்காவுக்கு வைப்பாரு" என்றாள்.

"கடைசி வாய் சோத்த காக்காவுக்கு வெக்கிற அண்ணாத்த! உனக்கோசரம் படகு காத்துகினு கீது."

சவுக்குத் தோப்பிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். "முன்னாடி கூப்பிட்டதும் கேட்டுச்சு. வேற கார்த்திக்கைத் தேடுறாங்கன்னு உக்காந்துட்டேன்" என்றார். மேனேஜர் படகைக் கிளப்பப் போனார். மைக் பிழைத்தது.

இப்போது நான் மதுராந்தகத்தில் இருக்கிறேன். போன மாதம் அந்தப் படகுத்துறைக்குப் போய், கைத்தடி ஊன்றி வரிசையில் நின்றேன். மைக்கில் அதே குரல்.

"கோடு போட்ட சட்ட, மேகத்த பாத்துகினு கீற அண்ணாத்த! டீ ஆறுது, வா."

கைத்தடி கழற்றி வைக்கக்கூடியதுதான். அவர் விதிப்படி அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.