எட்டாவது ராத்திரி

"அப்பா, ராத்திரியில நீங்க எப்படி இருப்பீங்க?"

ஐந்து வயது மகள் ஒருநாள் இப்படிக் கேட்டுவிட்டாள். கேலியில்லை, தெரியாமல்தான் கேட்டாள். காலையில் அவள் கண் விழிக்கும்போது அப்பா வேலையிலிருந்து வந்து கட்டையாய்க் கிடப்பார். பள்ளி விட்டு வந்தால் கிளம்புவதற்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருப்பார். இருட்டிய பிறகு அவள் அப்பாவைப் பார்த்து நாலு மாதம் ஆகிறது.

"இதே மூஞ்சிதான்டா கண்ணு."

"பொய்!"

அப்பாவுக்கு அந்த ஒற்றைச் சொல் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக்கொண்டது.

ஏரிக்கரையில் விடுமுறைக்கு வருகிறவர்கள் கூடாரம் போட்டுத் தங்கும் முகாமில் அவருக்கு இரவுக் காவல். பத்து மணிக்கு மேல் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வந்தால் விருந்தாளிகள் வாசலறையில் இருக்கும் புகார் நோட்டில் எழுதிவிடுவார்கள். மேனேஜர் ஒரு சலுகை சொல்லியிருந்தார். "தொடர்ந்து ஏழு ராத்திரி நோட்டு காலியா இருந்தா, எட்டாவது ராத்திரி நீ வீட்டுக்குப் போ. உன் நாற்காலியில நானே உட்கார்றேன்."

ஆறு ராத்திரி ஓடிவிட்டது. நோட்டு துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது. "நாளைக்கு அப்பா வீட்டுலதான்" என்று மகளிடம் சொல்லிவிட்டே ஏழாவது ராத்திரிக்குக் கிளம்பினார்.

பதினொரு மணிக்கு ஒன்பதாம் நம்பர் கூடாரத்து வாத்தியார் போர்வையோடு வந்து நின்றார்.

"பக்கத்து டென்ட்ல ஒருத்தர் குறட்டை விடறாரா, இல்ல மரம் அறுக்கறாரா? நோட்டைக் கொடுங்க."

"சார், சார்! ரெண்டே நிமிஷம். நான் பார்க்கறேன்."

எட்டாம் நம்பரில் தனியாகத் தங்கியிருந்தவர் ஒரு டிரைவர். ஆறு வருஷமாக ராத்திரி பஸ் ஓட்டுகிறவர். பகலில் வீட்டில் பிள்ளைகள் சத்தம். இரண்டு நாளாவது ராத்திரியில் தூங்கிப் பார்க்கலாம் என்று அன்றுதான் வந்திருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்களேன்."

"மன்னிச்சுக்குங்கண்ணே" என்று அவர் அடக்கமாகத் திரும்பிப் படுத்தார். குறட்டையும் திரும்பிக்கொண்டது. இதுவரை ஏரிப் பக்கம் போன சத்தம் இப்போது நேராக வாத்தியார் காதுக்கே வந்தது.

"ஒண்ணும் பிரச்சனையில்ல சார். உங்க டென்ட்டை அந்தக் கடைசிக்கு மாத்திடலாம்" என்று காவலர் தானே முளைகளைப் பிடுங்கி, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய், புது இடத்தில் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி வைத்தார். முளை மண்ணுக்குள் ஓடிய தண்ணீர்க் குழாயில் இறங்கியது. புஸ்ஸென்று ஆள் உயரத்துக்கு ஊற்று கிளம்பியது.

"குறட்டையே தேவலாம்யா!" என்றார் சொட்டச் சொட்ட நின்ற வாத்தியார்.

காவலர் ஓடிப்போய்த் தண்ணீர் வால்வை மூடுவதற்குள் தண்ணீர் சரிவில் இறங்கி எட்டாம் நம்பருக்குள் புகுந்துவிட்டது. டிரைவர் முட்டி நனைந்தும் தூங்கிக்கொண்டிருந்தார். நனைந்த மனிதரை அப்படியே விட மனம் வருமா? அவரை எழுப்பிக் கைத்தாங்கலாக வாசலறைக்குக் கூட்டிவந்து, தன் காய்ந்த சட்டையைக் கொடுத்து, தான் அவ்வப்போது கால் நீட்டும் கட்டிலில் படுக்கவைத்தார். நாலு பக்கமும் சுவர். இனி சத்தம் வெளியே போகாது. கடவுளே வழிகாட்டினார் என்று கைகூப்பினார்.

கட்டிலுக்குப் பக்கத்து மேசையில்தான் காலை அறிவிப்புக்கான மைக் இருந்தது. டிரைவர் புரண்டு படுத்தபோது அவர் முழங்கை சுவிட்சில் பட்டது.

முகாமின் எட்டு ஒலிபெருக்கியும் ஒரே நேரத்தில் குறட்டை விட்டன.

காவலர் பாய்ந்து சுவிட்சை அணைப்பதற்குள் குழந்தைகள் வீறிட்டு அழுதார்கள். கூடாரங்களிலிருந்து டார்ச் வெளிச்சங்கள் கிளம்பி வாசலை நோக்கி வந்தன. முகாமில் எழுந்திருக்காத ஒரே ஜீவன் டிரைவர்தான்.

"நோட்டு எங்கே?"

பதிமூன்று பேர் வரிசையில் நின்றார்கள். காவலர் நோட்டை ஒளித்துவைத்திருக்கலாம். பேனாவில் மை இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வரவில்லை. அவரே நோட்டைப் பிரித்துக் கொடுத்து, எழுத்து தெரிய வேண்டுமே என்று டார்ச்சும் பிடித்தார். ஒவ்வொரு வரியும் விழ விழ, வீடு ஒவ்வொரு மைலாகத் தள்ளிப் போயிற்று.

காலையில் மேனேஜர் பக்கத்தைப் புரட்டினார்.

"என்னய்யா இது, நோட்டா கல்யாணப் பத்திரிகையா? இத்தனை பேர்!"

"சார், பாப்பாகிட்ட சொல்லிட்டேன்..."

"எவனாவது உன் நாற்காலியில சும்மா வந்து உட்கார்றேன்னு சொன்னா அவனை உட்காரவெச்சிட்டுப் போ. நான் வரமாட்டேன்."

சும்மா வந்து எவன் உட்காருவான்? அன்று மாலை மகள் வாசலில் நின்று கையாட்டினாள். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவருக்கு.

ராத்திரி எட்டு மணிக்கு டிரைவர் வாசலறைக்கு வந்தார்.

"அண்ணே, நேத்து மாதிரி தூங்கி ஆறு வருஷமாச்சு. ஈ, காக்கா சத்தம் இல்ல. என்னா அமைதி!"

காவலருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"காலையில மேனேஜர்கிட்ட நீங்க பேசினதைக் கேட்டுட்டு வாத்தியார் எல்லாம் சொன்னாரு" என்று டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "எந்திரிங்க. அந்தக் காக்கிக் கோட்டைக் கழட்டிக் கொடுங்க."

"எதுக்குண்ணே?"

"ராத்திரி முழிச்சிருக்கறது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச தொழில். உங்க கட்டில்ல தூங்கினேன்ல? அதைத் திருப்பிக் கொடுக்கணும். சைக்கிளை எடுங்க. பாப்பா தூங்கறதுக்குள்ள போங்க."

அவர் போய்ச் சேர்ந்தபோது மகள் பாயில் பாதிக் கண் மூடியிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவர் கையை இழுத்துத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

அவருக்குத்தான் தூக்கம் வரவில்லை. நாலு மாதப் பழக்கம் விடுமா? கை மரத்துப்போகும் வரை அசையாமல் கிடந்தார். பிறகு மெல்ல உருவிக்கொண்டு எழுந்து தாழ்ப்பாளைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார்.

"என்னங்க," என்றாள் மனைவி இருட்டில், "இங்க யாரும் நோட்டுல எழுத மாட்டாங்க. வந்து படுங்க."

படுத்தார். இரண்டு பேர் மூச்சுச் சத்தத்தையும் விடியும்வரை கேட்டுக்கொண்டே கிடந்தார். நாலு மாதமாக எந்தச் சத்தத்துக்காக ஏங்கினாரோ, அந்தச் சத்தம்.

ஐந்தரைக்கு முகாமுக்குத் திரும்பினார். எட்டாம் நம்பர் இடத்தில் கூடாரம் இல்லை, நசுங்கிய புல் மட்டும் இருந்தது. டிரைவர் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டார் போலிருக்கிறது. நன்றி சொல்லக்கூட ஆளில்லை. கோட்டு மடித்து நாற்காலியில் இருந்தது. கீச்சிட்டே பழகிய பெரிய கதவு, தொட்டதும் சத்தமில்லாமல் திறந்தது. கீல்களில் புது எண்ணெய். உடைந்த குழாயில் ரப்பர்ப் பட்டை இறுகச் சுற்றியிருந்தது. சாய்ந்திருந்த முளைகளெல்லாம் நேராக நின்றன. நோட்டில் ஒரு வரி இல்லை.

ஆறு மணிக்கு மேனேஜர் வந்தார். கதவை இரண்டு தரம் திறந்து மூடினார். குழாயைக் குனிந்து பார்த்தார். நோட்டைப் புரட்டினார். காவலர் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார்.

"சார், நேத்து ராத்திரி நான்..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்யா" என்று மேனேஜர் அவர் முதுகில் தட்டினார். "நாலு மாசமா இங்க வேலை பார்க்கறே. நேத்து ஒரு ராத்திரிதான் நீ இங்க இருந்த மாதிரியே தெரியுது!"