தரையின் மேல் ஒரு வழக்கு

உலகத்தில் நீதி எங்கெங்கோ செத்துக்கொண்டிருக்கலாம். இந்தோனேசியாவின் செமாராங் நகரத்தில், எங்கள் ஏழாம் எண் அண்டைவீட்டார் சங்கத்தின் எல்லைக்குள், அது மூன்று வேளையும் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறது. முப்பது வருஷமாக இங்கே எந்தக் குழந்தையும் எந்தப் பெற்றோரின் தவறாலும் கீழே விழுந்ததில்லை. விழவைத்தது ஒவ்வொரு முறையும் தரைதான். குழந்தை விழுந்த உடனே ஓடிப்போய்த் தரையைப் பளாரென்று அறைவோம். "கெட்ட தரை!" என்று திட்டுவோம். "அதோ பாரு, தவளை குதிச்சு ஓடுது!" என்று குழந்தையின் கவனத்தைத் திருப்புவோம். அந்தத் தவளையை இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. வழக்கு அத்தோடு முடிந்துவிடும்.

இத்தகைய பெருமை வாய்ந்த சங்கத்தின் செயலாளர் நான். பெயர் புர்வாந்தோ. சென்ற சனிக்கிழமை என் வீட்டிலேயே ஒரு வழக்கு எழுந்தது.

என் மனைவி ரத்ரி மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்தாள். வர மதியம் ஒரு மணியாகும். காலை ஒன்பது பதினான்குக்கு, ஒன்பது மாதமான எங்கள் மகன் கிலாங் மெத்தையிலிருந்து தரைக்கு 'இடம் பெயர்ந்தான்'. கட்டில் இல்லாமல் தரையில் போட்ட மெத்தை. உயரம் முப்பத்தொரு சென்டிமீட்டர். பிறகு அளந்தோம். சுற்றிலும் நான்கு நீளத் தலையணைகளால் கோட்டைச் சுவர் எழுப்பியிருந்தேன். அவன் அதன்மேல் ஏறி நாட்டைப் பார்வையிட்டிருக்க வேண்டும்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பவர்கள் பொதுவாழ்வு என்னவென்றே அறியாதவர்கள். ஒரு கண்ணால் மகனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இன்னொரு கண் பொதுப்பணியில் இருந்தது. சுதந்திர தினத்தன்று பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டம் வைக்கிறோம். அதற்கான பாதுகாப்புச் சுற்றறிக்கையைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குத் தட்டிக்கொண்டிருந்தேன். தொப்பென்று சத்தம். ஃபோன் ஒரு பக்கம் பறந்தது, நான் ஒரு பக்கம் பாய்ந்தேன். பெருவிரல் கடைசியாக எதை அழுத்தியது என்று எனக்குத் தெரியாது.

கிலாங் பதினோரு நொடி அழுதான். நான் அதற்கு அப்புறமும் அழுதேன். விளையாட்டில்லை, ஈரக்குலை நடுங்கிவிட்டது. நெற்றியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம். அதைத் தடவிக்கொண்டே தெருமுனை மருத்துவச்சிக்கு ஃபோன் போட்டேன்.

"வாந்தி எடுத்தானா?"

"இல்ல."

"மயங்கினானா?"

"வாழைப்பழம் தின்னுட்டிருக்கான்."

"அப்போ நல்லாத்தான் இருக்கான். இன்னிக்குப் பூரா கவனிச்சுக்கோங்க. வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் எந்திரிக்கலைன்னாலோ உடனே தூக்கிட்டு வாங்க. ஆமா, உங்க குரல் ஏன் இப்படி இருக்கு?"

"எனக்கு மயக்கமா வருது."

"உங்களுக்கும் தலையில அடிபட்டுச்சா?"

"மனசுல."

"அதுக்கு இங்க மருந்து இல்லங்க," என்று வைத்துவிட்டாள்.

அடுத்து ரத்ரிக்குச் சொல்லியாக வேண்டும். மூன்று முறை அவள் எண்ணை எடுத்தேன். 'அப்போ நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?' என்று அவள் கேட்கப்போவது மூன்று முறையும் காதில் விழுந்தது. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஆனால் பக்கத்து வீட்டு இபு தர்சோனோ, அதாவது தர்சோனோ அம்மா, அந்தத் 'தொப்' சத்தத்தைக் கேட்டுவிட்டார். சங்கத் தலைவரின் மனைவி. அவர் கேட்டது ஊர் கேட்டது. ஒன்பதரைக்கு மெத்தையிலிருந்து விழுந்திருந்த என் மகன், பத்து மணிக்கு நாற்காலியிலிருந்து விழுந்திருந்தான். பதினோரு மணிக்கு மாடியிலிருந்து. எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. ஆரஞ்சும் ரொட்டியுமாகத் தெருவே நலம் விசாரிக்க வந்தது. கிலாங் ஒரு ஆரஞ்சைத் தோலோடு சப்பிக்கொண்டு எல்லோரையும் வரவேற்றான்.

பன்னிரண்டரைக்குத் தலைவர் பாக் தர்சோனோ, அதாவது தர்சோனோ ஐயா, எங்கள் கூடத்திலேயே பாய் விரித்து அவசரக் கூட்டத்தைக் கூட்டினார். ஓட்டெடுப்பு எங்கள் வழக்கமில்லை. எல்லோரும் ஒரே மனதாகும் வரை பேசுவோம். அல்லது தட்டிலிருக்கும் டெம்பே என்ற பொரித்த சோயா வில்லைகள் தீரும் வரை.

"முதல்ல தலையணைய விசாரிப்போம்," என்றார் தலைவர். "காவலுக்கு வெச்சது. கடமையில தவறிடுச்சு."

எதிர்வீட்டு முல்யோனோ எழுந்துவிட்டார். "அது என் கடைத் தலையணைங்க! சுத்தமான இலவம்பஞ்சு. அநியாயமா பழி போடாதீங்க!"

"அப்போ பூனை?"

"பூனையா இருக்காது," என்றார் இபு தர்சோனோ. "அந்த நேரம் அது எங்க வீட்டுல மீன் திருடிட்டிருந்துச்சு. நானே தொரத்தினேன்."

பூனை தக்க சாட்சியத்தின் பேரில் விடுவிக்கப்பட்டது.

"மிச்சம் இருக்கறது தரை ஒண்ணுதான்," என்று தலைவர் குனிந்தார். "தரை ஏதாவது சொல்லணுமா?"

முழுதாக ஒரு நிமிஷம் காத்திருந்தோம். தரை ஒன்றும் சொல்லவில்லை. 'குற்றத்தை மறுக்கவில்லை' என்று கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டேன். தகப்பன்காரன் எங்கே பார்த்துக்கொண்டிருந்தான் என்று ஒரு ஆண்பிள்ளைகூடக் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

தண்டனை உடனே நிறைவேற்றப்பட்டது. பதினெட்டுப் பேர் வரிசையாக வந்து தரையை அறைந்தார்கள். "கெட்ட தரை! கெட்ட தரை!" எல்லோரையும்விட ஓங்கி அறைந்தவன் நான். உள்ளங்கை வீங்கிவிட்டது.

நிமிர்ந்தபோது வாசலில் ரத்ரி நின்றாள், கையில் ஹெல்மெட்டுடன்.

உள்ளே வந்தாள். கிலாங்கைத் தூக்கி உச்சியை முகர்ந்தாள். விரல் நேராகப் புளியங்கொட்டைக்குப் போய் நின்றது.

"கவலைப்படாத ரத்ரி," என்றார் பாக் தர்சோனோ. "குற்றவாளிய தண்டிச்சாச்சு. உன் வீட்டுக்காரர் மாதிரி பொறுப்பான ஆளு கெடைக்கணுமே! காலையிலகூட பாதுகாப்பு பத்தி சுற்றறிக்கை போட்டிருக்கார். நான் இன்னும் பாக்கல. அதை ஒருதரம் வாசிச்சுட்டுக் கூட்டத்தை முடிச்சுக்குவோம்."

போட்டேனா? பெருவிரல் அழுத்தியது அனுப்பும் பொத்தானையா?

"நானே வாசிக்கறேன்," என்று ரத்ரி தன் ஃபோனை எடுத்தாள். "'மதிப்புக்குரிய பெற்றோர்களே! விபத்து ஒரு நொடியில் நடந்துவிடுகிறது. ஆகவே கைபேசியை ஒதுக்கி வைத்துவிட்டு, குழந்தையிடமிருந்து ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்கக் கூ'"

நிறுத்தினாள்.

"மேல படிம்மா," என்றார் தலைவர்.

"அவ்வளவுதான் இருக்கு. ஒன்பது பதினாலு."

டெம்பே மெல்லும் சத்தம் நின்றது. ரத்ரி கிலாங்கோடு கீழே உட்கார்ந்து தரையை மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

"ரொம்ப வலிச்சுதா? பாவம், நீ என்ன பண்ணுவ? நீ பாட்டுக்கு இருந்த எடத்துலயேதான் இருந்த."

கிலாங்கும் குனிந்து, ஆரஞ்சுச் சாறு ஒழுகும் கையால் தரையைத் தட்டிக்கொடுத்தான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நான்தான் ரத்ரி. ஃபோனைப் பாத்துட்டிருந்தேன்."

"தெரியும். பத்து மணிக்கே தெரியும். கடை வரைக்கும் சேதி வந்துச்சு, மருத்துவச்சியக் கூப்பிட்டுக் கேட்டேன். புள்ள நல்லாருக்கான், உங்க வீட்டுக்காரர்தான் சரியில்லன்னாங்க." கிலாங்கின் கையிலிருந்த சாற்றைத் துடைத்தாள். "நான் பாத்துட்டிருந்தாலும் புள்ள விழுந்திருப்பான். நீங்க கூப்பிடுவீங்கன்னு வேலை முடியற வரைக்கும் ஃபோனைக் கையிலயே வெச்சுட்டு நின்னேன், தெரியுமா?"

அறைந்த கையைவிட அது வலித்தது. பேனாவை எடுத்தேன். கூட்டக் குறிப்பில் 'குற்றவாளி: தரை' என்று இருந்ததைக் குறுக்காக ஒரு கோடு போட்டு, என் பெயரை எழுதப் போனேன். பாக் தர்சோனோ பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதாத தம்பி! தரைய விடுதலை பண்ணிட்டா, முப்பது வருஷத்துத் தீர்ப்பெல்லாம் என்ன ஆகறது?"

அதை அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. இபு தர்சோனோ தேநீர்த் தட்டைக் கீழே வைத்தார்.

"ஆமா, நம்ம மூத்தவன் முன்பல்லு? அன்னிக்கும் தரைதான்னு சத்தியம் பண்ணீங்களே?"

"அது... அப்போ ஏது ஃபோனு?"

"ஃபோன் இல்ல. அன்னிக்குக் காலையிலதானே அந்த மணிப்புறாவ வாங்கிக் கூண்டோட கொண்டாந்தீங்க?"

தலைவர் தவளையைத் தேடுவது போல மூலையைப் பார்த்தார். முல்யோனோவின் மனைவி மெதுவாக முல்யோனோ பக்கம் திரும்பினாள். அவளுக்கு அடுத்தவள் தன் கணவன் பக்கம். அதற்கடுத்தவளும்.

கூடத்திலிருந்த அத்தனை கணவன்மாரும் ஒரே மனதாகக் குனிந்து தரையைப் பார்த்தோம். எங்கள் சங்கத்தின் வரலாற்றிலேயே விவாதம் இல்லாமல் எட்டிய ஒரே முடிவு அதுதான். தரை அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருஷமாக எங்களுக்காக அடி வாங்கியும், எங்களில் ஒருத்தனைக்கூட அது காட்டிக்கொடுத்ததில்லை.